வெடிமருந்தறை வாசல்

விடியும்போதே ஃபோர்த் கழிமுகத்தின் குளிர் எலும்புவரை இறங்கியிருந்தது. பழைய இரும்புக்காக விற்கப்பட்ட, செத்துப்போன போர்க்கப்பலின் மேல்தளத்தை வெட்டிக்கொண்டிருந்தோம். இரும்பை அறுக்கும் கேஸ் விளக்கின் நீல நாக்கு பட்டதும் பழைய பெயின்ட் கொப்புளித்து ஈயப்புகை கக்கும். அது தொண்டையில் இனிக்கும். ஆளைக் கொல்லும் இனிப்பு.

பீரங்கிகள் எல்லாம் துண்டுகளாகிக் கரைக்குப் போய்விட்டன. அவற்றுக்கு நேர் கீழே, கப்பலின் அடிவயிற்றில் இருந்த வெடிமருந்தறைதான் பாக்கி.

அதன் சுவர்ப் பலகைகளைப் போன வாரம் பெயர்த்தோம். உடைக்கிற கப்பலின் மரம் உடைக்கிறவனுக்கு. எங்கள் தெருவில் அடுப்பெரிவது அப்படித்தான். எங்களோடு வெட்டும் மர்டோவும் ஒரு கட்டு தூக்கிப் போனான். கஞ்சி காய்ச்ச அவன் மனைவி இஷ்பெல் ஒரு பலகையை அடுப்பில் செருகினாள். பலகை இடுக்கில் இறுகிக் கிடந்த கருமருந்துத் தூள் சீறி வெடித்தது. இரண்டு கைகளும் பாதி முகமும் வெந்துபோயின.

முதலாளி கிரெய்க் குடையோடு வந்து நின்றார்.

"அந்த அறைய இன்னும் வெட்டலையா?"

"உள்ள மருந்து இருக்குங்கய்யா," என்றான் மர்டோ. "கடல்தண்ணிய உள்ள விட்டு ஊறவச்சிட்டு வெட்டுறோம்."

"ஊறவச்சு, இறைச்சு... அதுக்குள்ள அடுத்த கப்பல் வந்து நிக்கும். காலி அறைன்னு சொல்லித்தானே கடற்படைக்காரன் வித்தான்?"

"எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க."

"கட்டையத் தூக்கிட்டுப் போனது நீ. நானா எரிக்கச் சொன்னேன்?"

"அப்ப நீங்களும் கூட வாங்கய்யா," என்றான் லாக்லன் கிழவன். "குடைய நான் பிடிக்கிறேன்."

நாங்கள் சிரித்தோம். கிரெய்க் சிரிக்கவில்லை.

"கேட்டுக்கு வெளிய பட்டினியில நிக்கிறவன் சிரிக்கமாட்டான். அவன வரச் சொல்றேன்."

லாக்லன் போரில் இதுபோன்ற கப்பலில் பீரங்கிக்கு மருந்து ஏற்றியவன். பூட்ஸ் ஆணி உரசினால் பொறி பறக்கும் என்பதால் அந்த வாசலில் பூட்ஸைக் கழற்றுவது கடற்படைப் பழக்கம். இங்கும் அவன் அதை விடவில்லை. "என்ன கிழவா, படுக்கப் போறியா?" என்று தினமும் கேலி செய்வோம்.

அன்றும் இறங்கிப்போய்க் கழற்றினான். ஆனால் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பலகை பெயர்க்க வெறுங்காலு போதும். வெட்டுனா விழுற சூட்டு இரும்புச் சில்லுல வெறுங்காலோட எவனும் வேல செய்யமுடியாது. நான் செய்யப் போறதில்ல."

மர்டோ தன் பூட்ஸைக் கழற்றிக் கிழவனின் பூட்ஸ் பக்கத்தில் வைத்தான். பிறகு நான். பிறகு எல்லோரும். யாரும் கேலி செய்யவில்லை. கையில் காசில்லை. சங்கம் போன வேலைநிறுத்தத்திலேயே நொறுங்கிவிட்டது. தோற்கத்தான் போகிறோம் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. பாதங்கள் நீலம் பாரித்தன.

ஏணியில் காலடிகள் கேட்டன. கேட்டில் நின்றவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த ஒல்லி மனிதன் கையில் கேஸ் விளக்கு.

"தள்ளுங்கப்பா. வீட்ல நாலு புள்ளைங்க."

"எனக்கும் இருக்கு," என்றான் மர்டோ, நகராமல்.

ஒல்லி மனிதன் பூட்ஸ் வரிசையைப் பார்த்தான்.

"கை வெந்துபோச்சுன்னு கேட்டுல பேசிக்கிட்டாங்களே, அது உன் சம்சாரமா?"

"ஆமா."

"அறைக்குள்ள தண்ணி விட்டாங்களா?"

"இல்ல."

பின்னாலிருந்து யாரோ, "போப்பா உள்ள!" என்று கத்தினான். ஒல்லி மனிதன் விளக்கைக் கீழே வைத்துக் குனிந்தான். அவன் பூட்ஸின் நனைந்து இறுகிய கயிற்று முடிச்சு, விறைத்த விரலுக்கு மசியவில்லை. மர்டோ மண்டியிட்டு அதை அவிழ்க்கத் தொடங்கினான்.