எட்டில் ஆறு

1

இந்தக் கதை ஒரு பேரத்தில் பிறந்தது. ஜெயித்தவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரி: ‘பகல் தூக்கத்தில் தெருவே மிதந்துகொண்டிருந்தபோது, ஒரு கொசு...’

(நிறுத்திவிட்டேன். பழியைக் கொசுவின் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

2

எங்களுடையது பிளாஸ்டிக் வாளிக் கடை. சுகாதாரத் துறையிலிருந்து மாதம் ஒருமுறை ஓர் அம்மா வருவார். தண்ணீர் தேங்கும் இடங்களை டார்ச் அடித்துப் பார்த்து, எத்தனை பார்த்தார் என்று வாசல் சுவரில் எழுதுவார். தெருவுக்கு அவர் சாக்பீஸ் அக்கா. அன்று எட்டு இடம் என்றார். எட்டு என்றால் நாலு என்று கேட்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

“நாலு பாத்துட்டுப் போங்கக்கா. மாடி ஏணி வேற ஆடுது.”

“கொசு ஏணியிலயா ஏறுது?”

“சரி, உங்களுக்காக அஞ்சு.”

சிரித்துவிட்டார். வெயில், முழங்கால் வலி, இன்னும் நாற்பது வாசல். ஆறில் படிந்தது. ஆனால் சுவரில் ஒளிக்காமல் எழுதினார்: எட்டில் ஆறு.

3

விடுபட்டவற்றில் ஒன்று, மொட்டை மாடியில் விலைபோகாத நீல வாளி. (இந்த ஜாதிக் கொசு சாக்கடையைத் தேடாது. தெளிந்த தண்ணீர் வேண்டும், கடிப்பதும் பகலில். நாசூக்கான வாடிக்கைக்காரி.)

இனி வருவது நான் பார்க்காதது. கனவென்று வைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குள் ஒரு துண்டு வானம். மேகத்துக்குள் புழுக்கள் நெளிகின்றன. ஒரு வாரத்தில் சிறகு. சரக்கோடு வந்து, காய்ச்சலில் எங்கள் ஸ்டூலிலேயே கண்ணயர்ந்த லாரி டிரைவரை ஒருத்தி தொட்டுப் போகிறாள். பத்து நாள் கழித்து, அவளே தெருவைக் கடந்து எதிர்க்கடைத் தையல்காரரின் கணுக்காலில் அமர்கிறாள். அவர் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறார். தைத்துக்கொண்டிருந்தது என் சட்டை.

4

தையல்கார அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்து நாள். டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. துணைக்கு மகள் இருக்கிறாள். துணி கேட்டு வருகிறவர்களுக்காக அண்ணி கொஞ்ச நேரம் கடை திறக்கிறார். மெஷினில் இருக்கும் சட்டையை மட்டும் எடுக்கவில்லை. எங்கிருந்து வந்ததோ இந்தக் காய்ச்சல் என்று என்னிடமே கேட்டார். நான் பருவநிலையைக் குறை சொன்னேன்.

முடிவு ஒன்று: அண்ணன் திரும்பி வந்து, காலர் சரியா பார் என்கிறார்.

முடிவு இரண்டு: அந்தச் சட்டையை யாரும்

(வேண்டாம்.)

முடிவு மூன்று: ஈரத்துணியால் ஒரு இழுப்பு. சுவர் சுத்தம்.

5

துணியை நனைத்துக்கொண்டு நின்றபோதுதான் சாக்பீஸ் அக்கா வந்தார். சுவரைப் பார்த்தார், எதிர்க்கடையைப் பார்த்தார், துணியையும் பார்த்தார்.

“இன்னைக்கு எத்தனைன்னு நீயே சொல்லு தம்பி.”

வாயில் பேரம் வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டேன். எட்டும் பார்த்தோம். நீல வாளியைக் கவிழ்த்தேன். வானம் தரையில் ஓடிக் காய்ந்தது.

இறங்கும்போது எதிர்க்கடையில் அண்ணியின் போன் அடித்தது. மகள்தான். அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் குறைத்துக் கேட்க மாட்டேன். எனக்கு மிச்சம் ஒரே வரி. துணியை உள்ளே எறிந்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

“அண்ணி, எங்க மாடியில ஒரு வாளி இருந்துச்சு.”