ஆறு பக்கமும் கம்பிவலை

வெல்டர் தன் மாமனாரோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு வெல்டர் செய்துகொடுத்த கேட்டைப் பார்த்து, ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான மாமனார், "கோணலா இருக்கே" என்று சொல்லிவிட்டார். கேட் கோணலாகத்தான் இருந்தது. அதனால்தான் கோபம் ஆறவில்லை.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் நர்ஸ் வழியாகத்தான். அவள் ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு மகள்.

ஒருநாள் அவள் ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு கினிப்பன்றிகளைக் கொண்டுவந்தாள். கூட வேலை பார்த்தவள் வேற்றூருக்கு மாற்றலாகிப் போகும்போது கொடுத்தவை. பெயர்தான் பன்றி, ஒவ்வொன்றும் இரண்டு கை நிறையும் அளவுதான். பெரியதைக் குண்டு என்றும் சின்னதைப் பொடிசு என்றும் கூப்பிட்டாள்.

"தினமும் கொஞ்ச நேரம் புல்லுல விடணுமாம். மதில் மேல பூனை இருக்கு, வானத்துல பருந்து இருக்கு. ஏதாவது செஞ்சு கொடுங்க" என்றாள் வெல்டரிடம்.

செய்தார். இரும்பு ஆங்கிள் சட்டம், அடிப்பக்கம் உட்பட ஆறு பக்கமும் தடித்த கம்பிவலை, மேலே ஒரு கதவு, அதற்குக் கடையிலேயே உறுதியான பூட்டு. கொல்லையில் தூக்கிவைக்க நாலு ஆள் தேவைப்பட்டது. பூனை வந்து சுற்றிப் பார்த்தது. மேலே ஏறிப் படுத்து ஒரு தூக்கம் போட்டது. இறங்கிப் போய்விட்டது. வெல்டருக்குப் பரம திருப்தி.

காலையில் கூண்டு மதிலின் நிழலில் இருக்கும். வெயில் எட்டுவதற்குள் நர்ஸ் இரண்டையும் வீட்டுக்குள் எடுத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அவசரமாகக் கூப்பிட்டார்கள். "ஒன்பது மணிக்கு உள்ள எடுத்து விட்டுடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். சாவியும் அவள் கைப்பையில் ஓடியது.

ஒன்பது மணிக்கு மாமனார் சாவியைத் தேடினார். போன் செய்தார். மகள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். கூண்டைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கூடத்துக்கு வந்து சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"சாவி இல்ல. இப்ப நிழலும் இல்ல."

வெல்டர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்தார்.

குண்டு ஒருக்களித்துக் கிடந்தது. விலா படபடவென்று துடித்தது. பொடிசு தண்ணீர்ப் புட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரும்பு வெட்டும் கிரைண்டர் வைத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் தீப்பொறி அதுகள் மேலேயே விழும். பூட்டில் ரம்பத்தை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. கம்பிவலையை அறுக்க உட்கார்ந்தார்.

மாமனார் நனைத்த போர்வையைக் கூண்டின் மேல் விரித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, குடையை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

"சாய்ச்சுதான் பிடிச்சிருக்கேன். கம்பியை ஏன் இவ்வளவு தடிமனா போட்டீங்க?"

"பூனைக்காக."

"இதுல புலியே நுழையாதே, மாப்பிள்ளை."

வெல்டர் அடுத்த கம்பியில் ரம்பத்தை வைத்தார். பதினோரு கம்பிகள். ஆறாவதில் பிளேடு உடைந்தது. மாமனார் குடையை ஒரு கையில் பிடித்தபடியே டப்பாவிலிருந்து வேறு பிளேடு எடுத்துக் கொடுத்தார். கடைசிக் கம்பி அறுந்ததும் வெல்டர் தோள்வரை கையை விட்டார். முழங்கை கிழிந்தது. குண்டு வெளியே வந்தது, அதன் பின்னால் பொடிசு.

ஈரத்துணியில் சுற்றி, ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் போனார்கள்.

"நல்லவேளை, சீக்கிரம் எடுத்தீங்க. இதுங்களுக்குப் பூனையை விட வெயில்தான் எமன்" என்றார் டாக்டர். வெல்டரின் முழங்கையையும் ஒரு பார்வை பார்த்தார். அது தன் துறை இல்லை என்றார்.

மாலையில் திரும்பிய நர்ஸ் கொல்லைக்குப் போய் ஓட்டையைப் பார்த்தாள்.

"ஐயையோ, எது வந்துச்சு?"

"உன் புருஷன்" என்றார் அப்பா.

அடுத்த வாரம் வெல்டர் மரச்சட்டத்தில் லேசான கூண்டு ஒன்று செய்தார். பாதிக் கூரை பலகை. இரண்டு முனையிலும் கைப்பிடி. பூட்டு கிடையாது, கொக்கி மட்டும். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று மாமனார் ஒரு வாரம் கொல்லையில் உட்கார்ந்து குறித்துவைத்தார். எட்டேகாலுக்கு வேம்பின் கீழ், ஒன்பதுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரம். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குகிறார்கள்.

"மெதுவா, மெதுவா. வளைவுல சட்டுன்னு ஒடிக்காதீங்க" என்கிறார் மாமனார், இன்னும் பஸ்ஸிலேயே இருப்பதுபோல. வெல்டர் மெதுவாக நடக்கிறார்.