வேனுக்கு வைத்த எண்ணெய்ச் சட்டி

பொம்மையனின் வேன் மூன்றாவது முறையாக என் பட்டறைக்குள் நுழைந்தபோது, வண்டியைவிட எனக்குத்தான் அதிகமாகப் புகைந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தவன் நான். அதற்கு முந்தின வருஷமும் அதே வேலை. இப்போது மறுபடியும் எண்ணெய் குடிக்கிறது, மேடு ஏற மாட்டேன் என்கிறது.

"பாய், நீங்க போட்ட சாமான் சரியில்லையோ?" என்று கேட்டுவிட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சனாவுல்லா பட்டறையில் போட்ட சாமான் சரியில்லை என்று திண்டுக்கல்லில் எவனும் சொன்னதில்லை. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து பேட்டரிக் கடை ராயப்பராஜ் எட்டிப் பார்த்தார்.

எஞ்சினைத் திறந்து, பிஸ்டன் தலையில் விரலை வைத்துத் தேய்த்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். செம்மண். அகரத்திலிருந்து தாடிக்கொம்பு வரைக்கும் அவன் தினமும் பூ ஏற்றி வருகிற மண் ரோட்டின் செம்மண். பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு யாரோ டீசல் எஞ்சின் இறக்கிய பழைய வேன் அது. இறக்கியவன் காற்றுக் குழாயின் வாயில் ஒரு கம்பி வலையைக் கட்டியதோடு சரி. அந்த வலை ஓணானைத் தடுக்கும், புழுதியை எங்கே தடுக்கப்போகிறது?

"பொம்மையா, இப்பக் கடைஞ்சு தர்றேன். இதுக்கப்புறம் இன்னொரு தடவை கடையுறதுக்கு இதுல இரும்பு இல்ல. இதுதான் கடைசி."

அவன் முகம் செத்துப்போனது. ஊர்ப் பூ மொத்தமும் விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு வருவது அந்த ஒரு வண்டியில்தான். அது நின்றால் அவன் மறுபடியும் மாட்டு வண்டிதான். மாட்டு வண்டியில் வந்து சேரும் மல்லிகையை யார் வாங்குவார்கள்?

எனக்குப் பிடிவாதம் வந்தால் சோறு இறங்காது. மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினேன். பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் கிளறி, உடைத்துப் போட்ட டிராக்டர் ஒன்றிலிருந்து காற்று வடிகட்டியைக் கழற்றி வந்தேன். அடியில் எண்ணெய் ஊற்றும் சட்டி. வெளிக்காற்று அந்த எண்ணெயில் மோதித் திரும்பும்போது மண் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான காற்று மட்டும் எஞ்சினுக்குள் போகும். கூடவே எஞ்சின் ஆயிலை வடிகட்ட, பழைய பஸ் ஒன்றின் வடிகட்டியும் கிடைத்தது.

"கழுதைக்குக் கொலுசு மாட்டுறீரு பாய்" என்றார் ராயப்பராஜ்.

"மாட்டத்தான் போறேன். நீரு சலங்கச் சத்தத்தக் கேளும்" என்றேன்.

கடைந்து பூட்டிய எஞ்சினுக்குப் பக்கத்தில் சட்டி உட்கார இடமில்லை. தகட்டை வெட்டி இடம் பண்ணினேன். குழாய் சேரவில்லை, வளைத்தேன், விரிந்தது, மறுபடி வளைத்தேன். ஆயில் போக செம்புக் குழாய் இழுத்தேன். ஐந்து நாள். வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. சட்டியில் எண்ணெய் ஊற்றுவது மட்டும் பாக்கி.

"அத மட்டும் எங்க வீட்டுக்காரி கையால ஊத்துறோம் பாய். வெள்ளிக்கிழம, நல்ல நாளு" என்றான் பொம்மையன்.

அவன் மனைவி கண்ணம்மாள் மறுநாள் தேங்காய் பழத்தோடும் ஒரு கூடைப் பூவோடும் வந்துவிட்டாள். எனக்கு ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. சட்டிக்குள் இருந்த கோட்டைக் காட்டி, "இது வரைக்கும்தான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். ஏன் அது வரைக்கும் என்று சொல்லவில்லை. எனக்கு விளக்கம் சொல்வதே பிடிக்காது. சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்தத் திமிருக்குத்தான் அன்று அனுபவித்தேன்.

தொழுதுவிட்டு வந்தபோது சட்டியை மாட்டி மூடிச் சந்தனம் வைத்திருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான் திறந்து பார்க்கவில்லை. பொம்மையன் ஏறி ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் அருமையாகப் பிடித்தது. சந்தோஷத்தில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தான்.

அவ்வளவுதான். காலை எடுத்த பிறகும் எஞ்சின் இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. வெள்ளைப் புகை பட்டறையை மூடியது. ஸ்டாப் கம்பியை இழுத்தும் நிற்கவில்லை. டீசலை நிறுத்தினால் என்ன, அது குடித்துக்கொண்டிருந்தது சட்டி எண்ணெயை அல்லவா! பொம்மையன் குதித்து ஓடினான். ராயப்பராஜ் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் அரை நிமிஷம் போனால் எஞ்சின் வெடித்துச் சிதறும்.

"மூச்ச அடைக்கணும்! சாக்கு, சாக்கு!" என்று கத்தினேன்.

ஓடாமல் நின்றவள் கண்ணம்மாள் ஒருத்திதான். பூக்கூடை மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு புகைக்குள் வந்தாள். இருவருமாக அதைச் சுருட்டிக் காற்றுக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினோம். சாக்கை உள்ளே இழுத்தது, திணறியது, இருமியது, நின்றது.

சட்டியைக் கழற்றினேன். கோட்டுக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்கு எண்ணெய் இருந்த தடம்.

"புதுப் பாத்திரத்துல மொத மொத ஊத்துறப்ப குறை வைக்கக் கூடாது பாய். எங்க வீட்டுல தளும்பத் தளும்பத்தான் ஊத்துவோம்" என்றாள் கண்ணம்மாள்.

திட்ட வாயைத் திறந்தேன். திட்ட வேண்டியது என்னைத்தான். "என் தப்பு தங்கச்சி. கோட்டத் தாண்டுனா காத்தோட எண்ணெயையும் எஞ்சின் உறிஞ்சிரும்னு சொல்லிருக்கணும்" என்றேன். ராயப்பராஜ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

"கழட்டிருங்க பாய். இந்தச் சனியன் வேணாம்" என்றான் பொம்மையன்.

"கழட்ட மாட்டேன். எஞ்சினத் தொறந்து பாக்குறேன். உள்ள ஒண்ணு ஒடஞ்சிருந்தாலும் புது எஞ்சின் எம்பொறுப்பு. ஒடையலன்னா ஒரு மாசம் இதோட ஓட்டு."

இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அல்லாஹ் காப்பாற்றினான், ஒன்றும் உடையவில்லை. கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றி அனுப்பினேன். அந்த ஒரு மாதமும் ரோட்டில் எந்த வண்டி உறுமினாலும் ஸ்பானரைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன்.

மாதம் முடிந்து வந்தார்கள். மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு இருவருமே வந்திருந்தார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணுக்குக் காட்டினால்தான் நம்புவான். சட்டியைக் கழற்றி ஒரு தகட்டில் கவிழ்த்தேன். முதலில் எண்ணெய் வழிந்தது. பிறகு களியாகச் செம்மண் இறங்கியது, இரண்டு கை அள்ளுகிற அளவுக்கு.

"இம்புட்டுமா?" என்றான் பொம்மையன். குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தான். "ஒரு மாசத்துல இம்புட்டு மண்ணையுமா எஞ்சின் தின்னுருக்கும்?"

"வேற எங்க போகும்? ரெண்டு வருசமா தின்னுச்சு. இப்பச் சொல்லு, என் சாமான் சரியில்லையா?"

ராயப்பராஜ் வந்து பார்த்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பினார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கண்ணம்மாள் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூ வாடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே பின்னால், திறந்த பக்கம் உட்கார்ந்து அந்த ரோட்டில் தினமும் வருகிறவள் அவள். முந்தானையால் வாயைப் பொத்திச் செத்த நேரம் இருமினாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள்:

"வண்டிக்கு மாட்டிட்டீங்க பாய். எனக்கு?"

பொம்மையன் தலையைத் தூக்கவில்லை. அந்த எஞ்சினை நான்கு தடவை திறந்து பார்த்தவன் நான். இவளை ஒரு தடவை பார்க்கவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இன்னைக்கு வண்டி போகாது பொம்மையா" என்று சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். லாரிக் கித்தானை விரித்து, கத்தரியை எடுத்துக்கொண்டு, அவள் உட்காரும் திறந்த பக்கத்தை மறைக்க அளவெடுக்க வேனின் பின்னால் ஏறினேன்.