வாலில் நான்கு உள்ள கோப்பு

...இந்தக் கோப்பில்தானே எழுதினேன், புதுத் திரைக்கான அளவுகளை ஒரு எண்கூடப் பிசகாமல் மூன்று தடவை எழுதியாயிற்று, அப்புறமும் ஏன் வெறும் எழுத்து மட்டும் தெரிகிறது, படம் வராமல் கறுப்பாகவே கிடக்கிறது என்று வான்ரோங் அந்த லினக்ஸ் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், நான்ஃபாங்ஆவ் துறைமுகத்து மீனவர் சங்கத்து மாடியில், முதுகுக்குப் பின்னால் அப்பா நிற்க... ரேடார் படம் சங்கத்தில் இந்த ஒரு திரையில்தான் வரும், புயல் கரைப்பக்கம் திரும்புகிறதா என்று பார்க்காமல் அவர் படகை எடுத்துவிட்டால்? பத்து மணிக்குமேல் தாங்காது, கானாங்கெளுத்தி கையைவிட்டுப் போய்விடும் என்கிறார். "என்னம்மா, உன் பொட்டி முழிச்சுதா?" "இன்னும் தூங்குதுப்பா." "வளத்தவ புத்திதானே வரும்."

சிரிக்கவும் நேரமில்லை. கணினி தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தாள், நடுவில் ஒரு வரி, எந்தக் கோப்பைப் படித்தேன் என்று... அடப்பாவி, இவள் திருத்தியது எக்ஸ்எஃப்86கான்ஃபிக், அது படித்ததோ அதே பெயருக்கு வாலில் ஒரு நான்கு ஒட்டியதை, முன்பு எவரோ போட்டுவிட்டுப் போனதை. ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு பெயர்? கையேட்டைப் பார்த்தால் இரண்டோடு நிற்கவில்லை, நான்கு உள்ளதைத் தேடு, இல்லையா, நான்கு இல்லாததைத் தேடு, அங்கேயும் இல்லையா, அடுத்த இடத்தில் தேடு, கடைசியில் கணினியின் சொந்தப் பெயர் ஒட்டியதைக்கூட... எத்தனை ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவரையும் கைவிட மனம் வராமல், இந்த நிரலை எழுதிய முகம் தெரியாத யாரோ, எல்லா வாசலிலும் போய்க் கேட்டுப் பார் என்று இதற்குச் சொல்லிவைத்திருக்கிறார். காலையிலிருந்து இதையா திட்டினேன்? முதலில் பதில் கிடைத்த வாசலோடு நின்றுவிடும், அது செய்த தப்பு அவ்வளவுதான்.

நான்கு உள்ளதில் எழுதினாள். திரை கண்விழித்தது, புயல் கரையை நோக்கி வளைந்திருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். "சரி, இன்னிக்குப் போகல. காலையிலேயே வானத்தைப் பாத்தேன், போன்னுச்சு. கோயில்ல நம்ம கடல்தாயி மாசு அம்மாகிட்ட குறி கேட்டுக் கட்டை உருட்டிப் போட்டேன், அவளும் போன்னா." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வான்ரோங்கின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது... இரண்டு வாசலில் பதில் கிடைத்த பிறகும் இந்த மனிதர் ஏன் மாடியேறி வந்து ஒரு மணி நேரம் நின்றார்? அவர் தேடும் வரிசையில் நான் கடைசியா... இல்லை, என்னைக் கேட்காமல் ஒருநாளும் படகுக் கயிற்றை அவிழ்த்ததே இல்லையா?