முர்டோ லெனாக்ஸுக்குப் பத்து வரி

1

வாரப் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது பத்து வரிதான். முர்டோ லெனாக்ஸ் போன வாரம் இங்கிலாந்தின் லங்காஷயரில் இறந்துபோனான். எங்கள் ஆக்கன்பெல் கால்பந்து அணியில் அவனோடு ஆடியவர்களில் இன்று உயிரோடிருப்பது நான் ஒருவன்தான்: ரோரி கால்ப்ரெய்த். அதனால் என்னிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அது அச்சேறிவிட்டது. அதனால்தான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: ‘1884-ஆம் ஆண்டு, லெவன் ஆற்றங்கரையில், ஒரு மழைநாளில்...’

(அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் எந்த நாள் மழைநாள் இல்லை?)

2

இரண்டாம் தொடக்கம். முர்டோவும் நானும் சாயப்பட்டறையில் சிவப்புத் துணி அலசியவர்கள். முழங்கை வரை சிவப்பு. எந்தச் சோப்புக்கும் போகாது. வெளியூர் அணிகள் எங்களைப் பார்த்ததும், “கசாப்புக்கடைக்காரனுங்க வந்துட்டானுங்கடா!” என்று கத்துவார்கள். ஆட்டம் முடியும்போது அவர்களிடம் சத்தம் இருக்காது.

அந்தக் காலத்தில் பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு தனியாக ஓடுவான். நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடினோம். நான் பின்னாலிருந்து பார்க்காமலே இடதுபக்கம் அடிப்பேன். முர்டோ அங்கே இருப்பான்.

“எப்படிடா கரெக்டா வந்து நிக்கறே?”

“உனக்கு வேற எங்கயும் அடிக்கத் தெரியாதே.”

எங்கள் நாடான ஸ்காட்லாந்துக்காக ஒரே ஒரு முறை, வேல்ஸுக்கு எதிராக ஆடினான். இரண்டு கோல். (ஒன்றுதான். பத்திரிகையில் இரண்டு என்று போட்டேன். நான் சொல்ல வந்த பொய் இதுவல்ல.)

3

லங்காஷயரிலிருந்து நல்ல தொப்பி போட்ட தரகர்கள், காசுக்கு ஆட ஆட்டக்காரர்களைத் தேடி வருவார்கள். நாங்கள் அவர்களை ஆற்றில் தள்ளுவோம். ஒருவனை முர்டோவே தள்ளினான். இரண்டு வருடம் கழித்து, அப்படி வந்த இன்னொருவனோடு ரயிலேறினான்.

ஏன் போனான்? இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன்: ஆசை, இளமை, இங்கிலாந்தின்... வேண்டாம். அவன் மனைவி ஜெஸ்ஸி ரயில் நிலையத்தில் என்னிடம் சொன்னதே போதும்.

“பட்டறை ஆவி அவன் நெஞ்சைப் புடிச்சிருச்சு ரோரி. ராவெல்லாம் இருமறான். பந்தாடியே பொழைக்கலாம்னா எவன் வேணாம்பான்? நீ வேணாம்பியா?”

“நான் வேணாம்பேன்.”

“உனக்கு இருமல் இல்ல.”

காசுக்கு ஆடப் போனவனுக்கு அன்று ஸ்காட்லாந்தின் எந்த மைதானத்திலும் இடமில்லை. நாட்டு அணியின் சட்டையும் கிடையாது. அது தெரிந்தே போனான். ஜன்னல் வழியாகக் கை நீட்டினான்.*

*நான் அந்தக் கையைப் பற்றிக்கொண்டதாக முந்தைய பிரதியில் இருக்கிறது. என் கைகள் சட்டைப்பையில் இருந்தன.

4

1893-இல் காசுக்கு ஆடியவர்கள் மீதான அந்தத் தடை நீங்கியது. அந்த இலையுதிர்காலத்தில் முர்டோ ஜெஸ்ஸியோடு ஊருக்கு வந்தான். வயது முப்பத்து மூன்று. பழைய அணியில் ஆடலாமா என்று சொல்லியனுப்பினான். செயற்குழுவில் ஐந்து பேர். இரண்டு கை உயர்ந்தது, இரண்டு உயரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அணித்தலைவன்.

பத்திரிகையில் எழுதினேன்: ‘பழைய சங்கம் அவரை இரு கரம் நீட்டி வரவேற்றது.’

இதுதான் பொய். என் கை உயரவில்லை. ஏழு வருடம் எங்களை விட்டுவிட்டு... இல்லை, என்னை விட்டுவிட்டு... (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

5

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முர்டோ வந்தான். கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றான். இரண்டாம் பாதியில் என் காலுக்குப் பந்து வந்தது. பார்க்காமலே இடதுபக்கம் அடித்தேன். அங்கே எங்கள் ஆள் யாருமில்லை. பந்து கோட்டைத் தாண்டி ஓடியது. ஊரே சிரித்தது.

“யாருக்குடா போட்டே, பேய்க்கா?”

முர்டோ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் குழுக்காரர்கள் ஒவ்வொருவர் வீடாகப் போய், என் கையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு ஜெஸ்ஸியின் அம்மா வீட்டுக்குப் போனேன். முர்டோ அடுப்பருகே கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“வர்ற சனிக்கிழமை நீ ஆடறே.”

அவன் கால்சட்டையை மேலே சுருட்டினான். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

“ரெண்டு வருஷமா இப்படித்தான். ஓடவே முடியாது.”

“அப்புறம் எதுக்குடா கேட்டு அனுப்பினே?”

“ஆடறதுக்கு இல்ல ரோரி. வாடான்னு நீ சொல்றியான்னு பாக்கத்தான்.”

6

இங்கே என் பதில் வரவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவதில் அவனைத் திட்டுகிறேன். மூன்றாவது நன்றாகவே வந்திருந்தது, படித்தால் அழுவீர்கள்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். ஜெஸ்ஸி தேநீர் கொண்டுவந்து வைத்ததும், அது ஆறிப்போனதும் நிஜம். அவர்கள் மறுபடி லங்காஷயர் போனார்கள். அதன்பின் நான் அவனைப் பார்க்கவில்லை.

அடுப்பருகே எனக்கு எதிரே அவன் காத்திருக்கிறான். நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். ஏதாவது சொல்லுங்கள்.