ஆஸ்பத்திரி வாசல் வரை

லிண்டார் கார்கள் இந்தியாவில் முதன்முதலாக வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில்தான். 2006-ஆம் வருடம். ஐரோப்பாவில் பெரும் பணக்காரர்கள் மட்டும் வைத்திருக்கும் கார் அது. இங்கே அதை விற்கும் உரிமையை வாங்கியிருந்தவர் யானைக்கவுனியில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்துவந்த தேவப்பிரியம். திருவொற்றியூரில் ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, வெள்ளையடித்து, கார்களுக்காகத் தயாராக வைத்திருந்தார். துறைமுகத்திலிருந்து அந்தக் கிடங்குக்கு வண்டிகளை ஓட்டிச் செல்லச் சேர்த்திருந்த டிரைவர்களில் வல்லரசும் ஒருவன்.

வியாசர்பாடிக்காரன். கல்யாணமானபின் எர்ணாவூரில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருந்தான். மனைவி அன்புக்கரசி துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல்காரி. தலைப்பிரசவம் நெருங்கிவிட்டதால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

கார்கள் கிளம்பிய அன்று காலை டிரைவர்களுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது, யாரையும் ஏற்றக்கூடாது என்று சூப்பர்வைசர் வெள்ளத்துரை திரும்பத் திரும்பச் சொன்னார். துறைமுகத்துக்குப் போகிற பக்கம் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எதிர்ப்பக்கத்தைப் போலீஸ் காலி செய்து கொடுத்திருந்தது. கடலோரச் சாலையில் கார்கள் ஊர்வலமாகப் போயின. அவ்வளவு சத்தமில்லாத வண்டியை வல்லரசு அதுவரை ஓட்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது.

தாங்கல் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியபோது லாரிகளுக்கு நடுவே ஒரு ஆட்டோ மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அதன் பக்கத்தில் நின்று, எதிர்ப்பக்கம் போகிற கார்களையெல்லாம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு இருதயம்மாள். உள்ளே சாய்ந்து கிடந்தது அன்புக்கரசி.

வல்லரசு வண்டியை நிறுத்தினான். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன.

"நைனா, காலைலயே வலி எடுத்துக்கிச்சு. ரொம்ப நேரமா இங்கியே நிக்கறோம். ஒரு வண்டியும் நகரல" என்று இருதயம்மாள் அழுதாள்.

அன்புக்கரசியை இரண்டு பேருமாகத் தூக்கி வந்து பின்சீட்டில் ஏற்றினார்கள். பால்நிறத் தோல் சீட்டு. அவள் அதில் முழுசாக உட்காரவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக நின்றாள்.

"சீட்டு கலீஜாயிடும்யா. உன்னைத் திட்டுவாங்க."

"கம்முனு படு அன்பு. யாரு திட்டுனா இன்னா?"

காலியாக இருந்த பாதையில் வண்டியைத் திருப்பி, வந்த வழியே பறந்தான். போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே வந்து, உள்ளே பார்த்துவிட்டு ஒதுங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

பெண் குழந்தை. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார் டாக்டரம்மா. எவ்வளவோ முயன்று பார்த்தார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், வல்லரசின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவன் கையில் இன்னும் அந்த வெள்ளைக் கையுறை இருந்தது.

காரைக் கிடங்கில் கொண்டுபோய் விட்டபோது வெள்ளத்துரை சீட்டைப் பார்த்தார். "நாளைலேர்ந்து வராத" என்றார்.

அன்புக்கரசி வீட்டுக்கு வந்தபின் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் காய்ச்சல் கண்டது. பால் வற்றுவதற்காக இருதயம்மாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தாள். மார்பில் வைத்துக் கட்டுவதற்காக அதை முறத்தில் கொட்டி வைத்திருந்த நேரத்தில்தான் தேவப்பிரியத்தின் மகள் மகிமா வந்தாள். கம்பெனியின் விளம்பர வேலைகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கையில் பெரிய பூங்கொத்து, கலர் காகிதம் சுற்றிய பொம்மைப் பெட்டி.

"அண்ணே, நீங்க செஞ்சதைக் கேட்டு ஹெட் ஆபீஸ்ல எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். வேலையை விட்டு நிறுத்தினது தப்பு, அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றபடி உள்ளே வந்தவள், முறத்தைப் பார்த்துச் சிரித்தாள். "வீடு பூரா மல்லிப்பூ வாசனை! பாப்பா எங்கே? தூங்குதா?"

அன்புக்கரசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கொயந்தை தங்கலம்மா. பூவு அவளுக்குப் பால் வத்தறதுக்கு" என்றாள் இருதயம்மாள்.

மகிமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். போகும்போது பொம்மைப் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

சில வாரம் கழித்து வல்லரசைக் கிடங்குக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நிரந்தர வேலை; புது டிரைவர்களைப் பழக்க வேண்டும் என்றார் தேவப்பிரியம். அவர் எழுந்து போனபின் மகிமா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இன்னொண்ணும் இருக்குண்ணே. நடந்ததை விளம்பரமா எடுக்கணும்னு வெளிநாட்டுல கேக்கறாங்க. புது நாட்டுக்கு வந்த முதல் நாளே எங்க கார் ஒரு தாயைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுன்னு. முடிவைச் சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரி வாசலோட நிறுத்திடுவாங்க. நீங்க வேணாம்னு சொன்னா நான் சண்டை போட்டு நிறுத்தறேன். வேலை எப்படியும் உங்களுக்கு உண்டு."

வல்லரசு போவதற்கு எழுந்தான்.

"எடுத்துக்கங்கம்மா" என்றான்.

வீட்டில் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னான்.

அன்புக்கரசி மறுபடி தையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் பஸ் ராயபுரம் பாலத்தை நெருங்கும்போது புதிதாக எழுப்பியிருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தாள். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். பின்சீட்டில் புடவை கட்டிய ஒரு பெண். மடியில் கொழுகொழுவென்று குழந்தை, கன்னத்தில் மைப்பொட்டு. 'இந்தியாவில் எங்கள் முதல் பயணம்' என்று கீழே எழுதியிருந்தது. அவள் பாதி வழியிலேயே இறங்கிவிட்டாள். வெயிலில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

சாயங்காலம் வல்லரசு வந்ததும் கேட்டாள்.

"நீ சரின்னியா?"

அவன் தலையசைத்தான்.

"வேலைக்காவா?"

"இல்ல. வேலை எப்படியும் குடுத்துட்டாங்க."

"அப்பால இன்னாத்துக்கு?"

"எந்நேரமும் அந்த ரோடுதான் கண்ணுல நிக்கிது அன்பு. இன்னும் கொஞ்சம் முன்னாடி உன்னைப் பாத்திருக்கக் கூடாதான்னு நெனைச்சி நெனைச்சிப் பைத்தியம் புடிக்குது. எங்கியோ ஒரு எடத்துலயாவது நான் நேரத்துக்குப் போய்ச் சேந்தாப்பல இருக்கட்டுமேன்னு..."

அன்புக்கரசி அவனையே பார்த்தாள். கோபப்படவில்லை.

"நீ போய்ச் சேந்துட்டே. நானும் அவளும் இன்னும் ரோட்லதான் நின்னுகினு கீறோம்."

மறுநாள் புளியந்தோப்பில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வல்லரசு மகிமாவிடம் போய் அந்தப் பலகையை எடுத்துவிடச் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலோடு நிறுத்துவதாகச் சொன்னவர்கள் குழந்தையையும் போட்டுவிட்டார்களே என்று அவள் அப்பாவிடமும், வெளிநாட்டுக்குப் போன் போட்டும் போராடினாள். டெல்லியிலும் பம்பாயிலும்கூட அதே படம்தான் போயிருந்தது. கார் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. முடியாது என்றுவிட்டார்கள். அவன் வேலையை விட்டுவிட்டு, மணலியில் ஒரு தண்ணீர் லாரிக்கு டிரைவராகப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புளியந்தோப்புக்குப் போவான். அன்புக்கரசி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். பேச மாட்டாள். அவனும் குடித்துவிட்டு வந்துவிடுவான். இப்படியே மழைக்காலமும் போயிற்று.

தை மாதத்தில் ஒருநாள் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டவள் உள்ளே போகாமல் நின்றாள்.

"அவளுக்கு மகிழினின்னு பேரு வெச்சிருக்கேன். எனக்குள்ளியே வெச்சிகினேன். யாருக்கும் சொல்லல."

"மகிழினி" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"அவளை எங்க பொதைச்சே? நான் பாக்கணும்."

அன்றே கிளம்பினார்கள். காசிமேட்டு இடுகாட்டில், சுவரோரமாக, சின்னக் குழந்தைகளைப் புதைக்கும் இடம் தனியாக இருந்தது. வல்லரசு முன்னால் நடந்தான். சுவரை ஒட்டிப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். அவளைப் புதைத்தபோது அங்கே ஒரு எருக்கஞ்செடி இருந்தது. இப்போது செடி இல்லை. மழையில் மண் சரிந்திருந்தது. அதற்குப்பின் எத்தனையோ புதுக் குழிகள் வந்திருந்தன.

அன்புக்கரசி கையில் பூவோடு காத்திருந்தாள். ஏதாவது ஒரு மேட்டைக் காட்டிவிடலாம். அவள் நம்பிவிடுவாள். அவன் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியல அன்பு" என்றான். "இங்கதான். ஆனா எந்த எடம்னு தெரியல."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். குழந்தை இறந்த நாளிலிருந்து அவன் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

அன்புக்கரசி பூவைக் கிள்ளிக் கிள்ளி, சுவரோரம் இருந்த ஒவ்வொரு சிறு மேட்டின் மேலும் வைத்துக்கொண்டே போனாள். பூ தீர்ந்ததும் மண்ணில் உட்கார்ந்தாள். அவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். இடுகாட்டுக்காரர் கேட்டைப் பூட்ட வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் புளியந்தோப்புப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். வா என்று அவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் நகரும்போது அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.