அவள் கீறிய தகடு

என் ஓரகத்தியை இந்த பெயிண்ட் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டது நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்தவள், வேதியியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று மேலாளரிடம் நானே போய்ப் பல்லைக் காட்டினேன். இப்போது அதே பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன்.

எங்கள் பிரிவில் நிறமித் தூள் செய்கிறோம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற பெயிண்டில் கலக்கும் தூள். முன்பு இதற்கு ஈயச் செந்தூரம் போட்டார்கள். அது விஷம் என்று ஆனபிறகு யாரும் சீந்துவதில்லை. அதற்குப் பதிலாக இரும்பு ஆக்சைடையும் துத்தநாக ஆக்சைடையும் மைபோல அரைத்துக் கலந்து, உலையில் சுடுவோம். சூடு சரியாக ஏறினால் இது இரும்பு, அது துத்தநாகம் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் சேர்ந்து ஒரே பொருளாகி, பழுப்பு நிறத்தில் வெளியே வரும். எவ்வளவு கலப்பது, எவ்வளவு நேரம் சுடுவது என்று பார்த்துப் பார்த்து உலை வாசலில் முகம் கறுத்தவள் நான். அவள் வந்தாள். துத்தநாகத்தில் பாதியை எடுத்துவிட்டு மெக்னீசியம் போட்டுப் பார்க்கலாமா அக்கா என்றாள். போட்டுப் பாரேன் என்றேன், பெரிய மனுஷி மாதிரி. நன்றாக வந்து தொலைத்தது.

வீட்டிலும் இதே கதைதான். நான் வைத்த குழம்பை வாயே திறக்காமல் சாப்பிடுகிற என் மாமியார், அவள் தண்ணீர் சுட வைத்தால்கூட, "சின்னவ கை பட்டா எதுவும் தனி ருசிதான்" என்பார். தண்ணீருக்கு என்ன ருசி என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். அதை அவர்கள் வாயால் கேட்பானேன்?

அப்போதுதான் ஆற்றுப் பாலம் ஒன்றுக்கு பெயிண்ட் வேண்டும் என்று பெரிய வேலை வந்தது. என் தூளா, அவள் தூளா, எது தேறுகிறதோ அதையே பாலத்துக்குக் கொடுப்பது என்றும், அதைச் செய்தவருக்கே புது உலையும் புதுப் பிரிவின் தலைமையும் என்றும் மேலாளர் சொல்லிவிட்டார். அந்தப் பிரிவுக்காக நான் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன் என்று உலைக்கே தெரியும்.

சோதனை இப்படி. எஃகுத் தகட்டில் பெயிண்ட் அடித்துக் காயவைத்து, கூரான கீறுகோலால் பெருக்கல் குறிபோல இரண்டு கோடு இழுக்க வேண்டும். கோடு பெயிண்டைத் தாண்டி எஃகைத் தொட வேண்டும். பிறகு உப்புத் தண்ணீர் பனிபோலப் பொழியும் பெட்டிக்குள் ஆறு வாரம். கீறலிலிருந்து துரு எவ்வளவு தூரம் பெயிண்டுக்கு அடியில் நுழைந்திருக்கிறது என்று கடைசியில் சுரண்டிப் பார்ப்போம். எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் தகட்டைத் தானே கீறக்கூடாது. பெற்ற பிள்ளையை அடிக்கிற கை மாதிரி, கடைசி நேரத்தில் மெத்தென்று இறங்கிவிடும். அதனால் போட்டியாளர்தான் கீற வேண்டும். கோடு எஃகைத் தொட்டதா என்று மின்கம்பியை வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் அவரேதான்.

அவள் தகட்டை நான் கீறினேன். மாமியார், குழம்பு, மெக்னீசியம் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினேன். எஃகிலேயே பள்ளம் விழுந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. கோலை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "சரியா இருக்குக்கா, பெட்டியில வச்சிட்டேன்" என்றாள்.

ஆறு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். அவள் தகட்டில் கோடு முழுக்கச் செந்துரு. என் தகட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"உங்க தகடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குதே" என்றார் உலைக்காரர். மேலாளர் எட்டிப் பார்த்து, "அப்புறம் என்னம்மா, சாயங்காலம் கையெழுத்து போட்டுடலாம். புதுப் பிரிவு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓரகத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முகத்தில் தோற்ற வருத்தம் மருந்துக்கும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

எல்லோரும் போனபிறகு தகட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். உப்புப் பனியில் ஆறு வாரம் நின்ற வெற்று எஃகு துருப்பிடிக்காமல் இருக்காது. என் தூளென்ன, எந்தத் தூளாலும் அது முடியாது. தூள் பக்கவாட்டில் துரு பரவாமல்தான் தடுக்கும். கம்பியை எடுத்துக் கோட்டில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. கோட்டின் எந்த இடத்திலும் எரியவில்லை. ஓரகத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏண்டி, நீ அழுத்தவே இல்லையா?"

அவள் என் கையிலிருந்த கம்பியை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "என் தகட்டுல நீங்க போட்ட கோட்டைப் பார்த்தேன்க்கா. உங்களுக்கு இது எவ்வளவு வேணும்னு தெரிஞ்சுது. பாவமா இருந்துச்சு" என்றாள்.

பாவமாம். அடித்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. இத்தனை நாளும் அவளை நினைத்து நான் தூக்கம் கெட்டுக் கிடக்க, அவள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். அவள் போட்ட பிச்சையில் நான் புது உலைக்கு முன் நாற்காலி போட்டு உட்காருவதா?

இரண்டு தகட்டையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். நேர்மை என்று யாரும் என் தலையில் கிரீடம் வைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல்தான் தள்ளிக்கொண்டு போனது. அவர் என் தகட்டில் கம்பியை வைத்துப் பார்த்தார், விளக்கு எரியாததும் அதை ஒதுக்கி வைத்தார். பிறகு அவள் தகட்டைச் சுரண்டினார். பள்ளத்துக்குள்தான் துரு. பக்கத்தில் பெயிண்ட் அசையவே இல்லை.

"இவ்வளவு ஆழமா கீறியும் தாங்கியிருக்கே. யார் கீறினது?"

"நான்தான் சார்."

"நல்லா கீறியிருக்கீங்க" என்றார். பாலமும் புதுப் பிரிவும் அவளுக்குப் போயின.

மறுநாள் என் தூளில் புதுத் தகடு ஒன்று அடித்துக் காயவைத்திருந்தேன். பாலம் போனாலும் என் தூள் தேறுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். கோலை அவளிடம் நீட்டினேன்.

"கீறு."

"வேணாங்க்கா. வேற யாரையாவது..."

"மறுபடியும் பாவம் பார்க்கிறியா?"

சட்டென்று அவள் முகம் சிவந்தது. "எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சீங்களா? இந்த இடத்துல யாரைக் கேட்டாலும், 'உங்க அக்கா மாதிரி வராது'ங்கிறாங்க. வீட்டுல சாவி உங்ககிட்ட, முடிவு உங்ககிட்ட. அத்தை எனக்குத் தர்றது வெறும் பேச்சுதானே. தண்ணிக்கு என்னக்கா ருசி?"

சொல்லிக்கொண்டே கோலைப் பிடுங்கி இழுத்தாள். கிரீச்சென்ற சத்தத்தில் உலைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது கோட்டுக்குத் தகட்டின் மேல் சாய்ந்து முழு உடம்பையும் கொடுத்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். நான் போட்டதைவிட ஆழம். எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தால் இந்தப் பள்ளம் விழும் என்று எனக்குத் தெரியாதா? பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

"சாப்பிடப் போலாமா?" என்றேன்.

"இருங்க, விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு வரேன்" என்றாள்.